இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி: நியூசிலாந்து மலையில் ஒரு வேட்டைப் பயணம்

வேலை நிமித்தமாகக் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் குடிவந்த பிறகு, என்னுடன் பணிபுரியும் பொறியாளர்களில் பலர் குளிர்காலத்தில் வேட்டைக்குச் செல்பவர்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிய பிறகு தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் நிற்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதன் நெருங்கிய உறவென்று நெடுங்காலம் கருதப்பட்ட இமயமலை வரையாட்டை இங்கே ஆண்டு முழுவதும் சுடலாம், எத்தனையும் சுடலாம், பொது நிலத்தில் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம்கூட இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. இரண்டும் ஒரே பேரினம் அல்ல என்பதை 2005இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிவிட்டது என்றாலும், அந்தப் பிடரி மயிரும் பாறை விளிம்பில் நிற்கும் நிமிர்வும் எனக்கு ஊரை நினைவூட்டின. அந்த விலங்கை அது வாழும் மலையில் ஒருமுறை பார்க்க வேண்டும், முடிந்தால் நானே வேட்டையாடிய இறைச்சியை உண்ண வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் தொடங்கியது. சைவ உணவுக்காரரான என் மனைவி, "ஏங்க, போறதுன்னா போய்ட்டு வாங்க, ஆனா அந்தக் கறிக்குன்னு தனிச் சட்டி வாங்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணத்தில் எனக்கு ஏறத்தாழ 7,500 நியூசிலாந்து டாலர் செலவாயிற்று; வலக்கையின் இரண்டு விரல்கள் பல வாரங்கள் மரத்துக் கிடந்தன; ஒரு தோட்டாவைக்கூட நான் எந்த விலங்கை நோக்கியும் சுடவில்லை. தொழில்முறை வழிகாட்டியை அமர்த்தி முதல் வேட்டைக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஒருவரிடம் மட்டும் உள்ள குறை அன்று இது என்பதைப் பின்னர் பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன்.

பின்னணியைச் சற்றுச் சொன்னால்தான் மற்றவை புரியும். வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத நாடு நியூசிலாந்து. 1904இல் இங்கிலாந்துப் பிரபுவான பெட்ஃபோர்டு கோமகன் தம் மந்தையிலிருந்து அனுப்பிய இமயமலை வரையாடுகளை, விளையாட்டு வேட்டைக்காக மவுண்ட் குக் என்ற மலையின் அருகே அவிழ்த்துவிட்டார்கள். அவற்றை உண்ணும் விலங்கு இங்கே எதுவும் இல்லாததால் அவை பெருகின. மலைப்புற்களையும் அரிய பூஞ்செடிகளையும் மொட்டையடித்தன. 1993இல் வகுக்கப்பட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் அவற்றின் எண்ணிக்கை 10,000க்கு மேல் போகக்கூடாது என்கிறது. அந்த வரம்பைத் தாண்டிப் பல மடங்கு பெருகிவிட்டதால், இயற்கைப் பாதுகாப்புத் துறையே ஹெலிகாப்டரிலிருந்து அவற்றைச் சுட்டுக் குறைக்கிறது. அந்த நடவடிக்கையை எதிர்த்து வேட்டைக்காரர்கள் 2020இல் உயர் நீதிமன்றம்வரை சென்றார்கள். ஆக, ஒருபுறம் அது ஒழிக்கப்பட வேண்டிய கேடு, மறுபுறம் வெளிநாட்டவர் பல ஆயிரம் டாலர் கொடுத்துத் தேடிவரும் பரிசு. இந்த இரட்டை நிலைதான் வழிகாட்டிகளின் மனப்போக்கையும் வடிவமைக்கிறது என்பதை நான் மலையில் வைத்தே உணர்ந்தேன்.

எனக்குத் துப்பாக்கி உரிமம் அப்போது இல்லை. உரிமம் பெற்றவரின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தால் உரிமம் இல்லாதவரும் சுடலாம் என்று இந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே நண்பர் ஒருவருடன் துப்பாக்கி சுடும் கழகத்துக்குச் சென்று, 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் காகித இலக்கில் சுட்டுப் பழகினேன். 200 மீட்டரில் கையகல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்க முடிந்தது; அதற்கு மேல் நான் முயன்றதில்லை. பிறகு இணையத்தில் தேடி ஒரு வழிகாட்டி நிறுவனத்தைப் பிடித்தேன். கட்டணம் 5,400 டாலர், பாதி முன்பணம், முன்பணம் திரும்பக் கிடைக்காது, ஹெலிகாப்டர் தனிக்கணக்கு. "வெற்றி வாய்ப்பு உறுதி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வழிகாட்டி என்றால் அரசு தேர்வு வைத்து உரிமம் கொடுத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே அப்படி ஒரு கட்டாய உரிமமே இல்லை. பொது நிலத்தில் தொழில் நடத்த இயற்கைப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். தொழில்முறை வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கம் உண்டு, ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். தனியார் பண்ணை நிலத்தில் என்றால் பண்ணை உரிமையாளர் சம்மதித்தால் போதும். ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன், அவர் சங்க உறுப்பினரா, வேட்டை நடக்கப்போவது பொது நிலமா தனியார் நிலமா, பொது நிலமென்றால் ஒப்புதல் யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் மெக்கன்சி வட்டாரத்திலுள்ள அந்தப் பண்ணைக்குச் சென்று சேர்ந்தபோதுதான், நான் தனியாக இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொருவரும் அதே வழிகாட்டியுடன் வரப்போகிறார் என்று தெரிந்தது. அவரும் மலை வேட்டைக்குப் புதியவர். ஆனால் வருகையாளருக்கான உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் வைத்திருந்தார். நல்ல மனிதர், கலகலப்பாகப் பேசுபவர். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று அன்று மகிழ்ந்தேன். மாலையில் ஆளுக்கு ஒரு குண்டு 100 மீட்டரில் சுட்டுக் காட்டினோம், வழிகாட்டி தலையசைத்தார், அதோடு சோதனை முடிந்தது. எவ்வளவு தூரம்வரை சுட்டுப் பழகியிருக்கிறீர்கள், பனிச்சரிவில் நடந்திருக்கிறீர்களா, உடல்நலக் குறை ஏதாவது உண்டா என்று ஒரு கேள்விகூட வரவில்லை. பிற்பாடு வேறு வழிகாட்டிகளிடம் பேசியபோது, புதியவர் என்றால் படுத்தும் உட்கார்ந்தும் பல குண்டுகள் சுடவைத்து, "உங்கள் எல்லை இத்தனை மீட்டர்" என்று முதல் நாளே தீர்மானித்துவிடுவோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். உங்களை எடைபோடாத வழிகாட்டி மலைமேல் எதை வைத்து முடிவெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் விடியும் முன்பே ஏறத் தொடங்கினோம். நண்பகல் தாண்டி ஒரு முகட்டை நெருங்கியபோது, எதிர்ச்சரிவில் கிடாய் ஒன்று தெரிவதாகச் சொன்ன வழிகாட்டி, சத்தம் வரக்கூடாது என்பதற்காகப் பெரிய பைகளை அங்கேயே வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். தடித்த இறகுச் சட்டை, தலைவிளக்கு, உணவு, பனியில் கால் ஊன்ற உதவும் இரும்புப் பற்கள் அனைத்தும் என் பையில் இருந்தன. முகட்டின் மேல் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்தபோது, குளிர்காலத்துப் பொன்னிறப் பிடரி காற்றில் அலைய, அந்தக் கிடாய் ஒரு பாறைத் திண்டில் நின்றுகொண்டிருந்தது. ஒப்புக்கொள்ள வெட்கமில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வாய்ப்பு எனக்கு என்று முன்பே பேசியிருந்தோம். வழிகாட்டி தூரமானியில் பார்த்து 480 மீட்டர் என்றார். என் எல்லை 200 மீட்டர், என்னால் முடியாது என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் என் மனத்தில் இருக்கிறது: "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் நான் சரிசெய்து தருகிறேன். சொல்லும்போது விசையை அழுத்தினால் போதும்." மூடுபனி ஏறி வருகிறது, இதுபோன்ற கிடாய் நாளை கிடைக்காது என்றும் அவசரப்படுத்தினார். நான் மறுத்ததும் அந்த ஆஸ்திரேலியரை அழைத்தார். அவருடைய துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகை வழிகாட்டியே திருகினார். துப்பாக்கிக்கு அடியில் தன் சிறு பையை வைத்துச் சமன்செய்தார். காற்றுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதையும் அவரே சொன்னார். அந்தத் தூரத்தில் குண்டு போய்ச் சேர அரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்துவிடலாம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் குண்டு ஏறத்தாழ அரை மீட்டர் விலகும். நெஞ்சுக்கூட்டில் உயிர் போகும் இடமோ அதில் பாதி அகலம்தான். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்று ஒன்றுபோல் இருக்காது. குண்டு கிடாயின் பின்வயிற்றில் பட்டது. அது ஒருமுறை கால் மடங்கி எழுந்து, செங்குத்துப் பாறைகளுக்குள் புகுந்து மறைந்தது.

காயம்பட்ட விலங்கைத் தேடிச் சென்று முடிப்பது வேட்டையின் முதல் கடமை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. வழிகாட்டி உடனே அந்த ஆஸ்திரேலியரை அழைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். என்னிடம், இங்கேயே இருங்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்றார். எனக்காகக் கொண்டுவந்த துப்பாக்கியைத் தோட்டாக்களை எடுத்துவிட்டு என் அருகிலேயே வைத்துவிட்டுப் போனார். அப்போது பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். மூன்றரை ஆயிற்று, நான்கரை ஆயிற்று. ஜூன் மாதத்தில் அங்கே ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பகலில் இளகியிருந்த பனி இறுகிக் கண்ணாடி ஆனது. பைகள் இருந்த இடம் முந்நூறு மீட்டர் கீழேதான். ஆனால் இரும்புப் பற்கள் இல்லாமல் அந்தச் சரிவில் இறங்குவது தற்கொலைக்குச் சமம் என்று, இரண்டடி வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. அவசர நிலையில் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணியினரை அழைக்கும் கருவி வழிகாட்டியின் சட்டைப் பையில் இருந்தது, அதாவது அவரோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. கத்திப் பார்த்தேன், காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. அவர்கள் இருவரும் விழுந்திருந்தால் நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்த பிறகு மற்ற எதையும் நினைக்க முடியவில்லை. காற்றுக்கு மறைவான ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கி, ஈரமாகிவிட்ட கையுறைகளைக் கழற்றிக் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, தூங்கிவிடக்கூடாது என்பதற்காக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாறாம் வாய்ப்பாடு அன்றும் எனக்கு முழுதாக வரவில்லை. எட்டு மணிக்கு மேல் இரண்டு விளக்குகள் மேலேறி வருவது தெரிந்தது. கிடாய் கிடைக்கவில்லை, இரத்தத் தடம் ஒரு பாறை விளிம்போடு நின்றுவிட்டது என்றார்கள். வழிகாட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; குளிர்ந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

மறுநாள் பனிப்புயல். அதற்கடுத்த நாளும் பாறைப் பகுதிக்குப் போக முடியவில்லை. இன்னொரு முறை தேடலாமே என்று நான் கேட்டபோது, அது எப்படியும் துறை ஆட்கள் சுட்டுத் தள்ளப்போகும் விலங்குதானே என்றார் வழிகாட்டி. இந்த வாதத்தை இங்கே நிறையப் பேர் சொல்கிறார்கள். பயிரையும் செடியையும் காக்க ஒரு விலங்கின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. நம் பொழுதுபோக்குக்காக வயிற்றில் குண்டு வாங்கிய ஒன்றைப் பாறை இடுக்கில் சாகவிடுவது வேறு. முதலாவதற்கு இருக்கும் நியாயத்தை இரண்டாவதற்குக் கடன் வாங்க முடியாது. பருவ வரம்பும் எண்ணிக்கை வரம்பும் இல்லாத இடத்தில், எதைச் சுடுவது, எதை விடுவது என்ற கட்டுப்பாட்டைச் சட்டம் பெரும்பாலும் வேட்டைக்காரரிடமே விட்டுவிடுகிறது. அந்தக் கட்டுப்பாட்டை நாம் வழிகாட்டியிடம் விட்டுவிட்டால், பிறகு அது எவரிடமும் இல்லை.

ஊர் திரும்பியதும் கணக்கு வந்தது. அந்த ஆஸ்திரேலியர் கிடாய்க்கான முழுத் தொகையைக் கட்டினார். இரத்தம் சிந்தினால் விலங்கு கிடைத்ததாகவே கணக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இந்த விதி உலகெங்கும் வழக்கத்தில் உள்ளதுதான். துணிந்து சுட்டுவிட்டுத் தப்பிக்காமல் இருக்க அது நல்லதும்கூட. என்னுடைய கணக்குதான் எனக்கு அதிர்ச்சி. சுடுவதற்கு வாய்ப்பளிக்கப்பட்டு வாடிக்கையாளர் மறுத்தால் சேவை நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்ற வரியின்படி மீதிப் பாதியும், புயலால் எங்களை வெளியே கொண்டுவந்த ஹெலிகாப்டரில் என் பங்காக 1,150 டாலரும் கேட்டிருந்தார்கள். அந்த வாய்ப்பு எத்தனை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. நீங்கள் கையெழுத்திடும் தாளில் அந்த எண் இருக்கட்டும்.

விரல்களுக்கான மருத்துவச் செலவின் பெரும்பகுதியை இந்நாட்டின் விபத்து இழப்பீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. சுற்றுலாப் பயணிகளுக்குக்கூட விபத்துச் சிகிச்சைக்கு அது உதவும். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு: உடல் காயத்துக்காக வழிகாட்டிமீது நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் சேவைக் குறைபாட்டுக்கு வழி இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி, எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். சிறு வழக்குகளுக்கான தகராறு தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம், உண்மையில் வழக்கறிஞருக்கு அங்கே இடமே இல்லை. உரிமம் இல்லாத ஒருவரைத் துப்பாக்கியோடு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தனியே விட்டுச் சென்றது நேரடிக் கண்காணிப்பு ஆகாது என்பதை மையமாக வைத்து மனு எழுதினேன். விசாரணைக்கு முன்பே நிறுவனம் பேச்சுக்கு வந்து 2,000 டாலர் திருப்பித் தந்தது. அன்றிரவே நேரம், இடம், யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். 2015இல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை அணிவித்திருந்த சிசில் என்ற சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் கொன்ற செய்தி பலருக்கு நினைவிருக்கும். முதலில் அம்பால் காயப்படுத்தப்பட்ட அந்தச் சிங்கம் பல மணி நேரம் கழித்தே கொல்லப்பட்டது. சட்டப்படி எல்லாம் நடக்கும் என்று உள்ளூர் வழிகாட்டிகளை நம்பினேன் என்பதே அவருடைய விளக்கம். அவருடைய ஆவணங்கள் முறையாக இருந்தன என்று ஜிம்பாப்வே அரசு அவர்மீது வழக்குத் தொடரவில்லை. வழிகாட்டிமீதான குற்றச்சாட்டையும் 2016இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக ஒருவரும் பொறுப்பில்லை. வழிகாட்டி சொன்னார், சுட்டேன் என்று வாடிக்கையாளர் சொல்வார். அவர்தானே விசையை அழுத்தினார் என்று வழிகாட்டி சொல்வார். அந்த ஆஸ்திரேலியரும் திரும்பும் வழியில் என்னிடம் அதையேதான் சொன்னார், குரல் உடைந்துபோய்ச் சொன்னார். நிலம், காற்று, விலங்கின் போக்கு ஆகியவற்றைப் பற்றிய அறிவை வழிகாட்டியிடமிருந்து பெறலாம். வழி தவறினால், அனுமதி இல்லாத நிலத்துக்குள் கொண்டுபோனால், அது அவர் குற்றம். ஆனால் இந்தத் தூரத்தில் என்னால் முடியுமா என்பதற்கு விடை சுடுபவரிடம் மட்டுமே இருக்கிறது.

அதே சமயம் வழிகாட்டிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். பிற்பகல் இரண்டரை மணிக்கு அவர் முன் இருந்தவை இரண்டு கடமைகள்: காயம்பட்ட விலங்கு ஒருபுறம், பனிமலையில் பழக்கமில்லாத நான் மறுபுறம். எதை விட்டாலும் தவறு. அந்த இக்கட்டு மலையில் உருவானதன்று. செலவைக் குறைக்க இரண்டு புதியவர்களை ஒரே வழிகாட்டியிடம் ஒப்படைத்த நாளிலேயே உருவாகிவிட்டது. ஆகவே, முதல் வேட்டை என்றால் ஒருவருக்கு ஒரு வழிகாட்டி என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள், கூடுதல் கட்டணம் ஆனாலும் சரி. அவசர அழைப்புக் கருவியை வாடகைக்கு எடுத்து உங்கள் உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் பையை விட்டுப் பிரியாதீர்கள். சுட்ட விலங்கு விழும் இடத்துக்கு நடந்துபோய் எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு அதன் பிறகு மட்டுமே சுடுங்கள். வரையாடு உயிர் போகும் நேரத்திலும் பாறை விளிம்பை நோக்கியே ஓடும்.

இப்போது உரிமத்துக்கான பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன். 1937இலிருந்து இயங்கும் மான் வேட்டைக்காரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்து, புதியவர்களுக்கான அவர்களது பயிற்சி வகுப்புக்கும் பதிவு செய்திருக்கிறேன். வரும் குளிர்காலத்துக்காக மூன்று வழிகாட்டிகளிடம் தொலைபேசியில் பேசினேன். காயம்பட்ட விலங்கைத் தேட எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள், நான் சுட மறுத்தால் கட்டணம் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளை மூவரிடமும் கேட்டேன். ஒருவர் எரிச்சலடைந்தார். ஒருவர் பேச்சை ஹெலிகாப்டருக்கு மாற்றினார். மூன்றாமவர், புதியவர் என்றால் 200 மீட்டருக்கு மேல் நான் சுட விடுவதில்லை, நீங்கள் மறுத்த வாய்ப்பை நான் கணக்கில் எழுதுவதுமில்லை, ஆனால் என் கட்டணம் மற்றவர்களைவிட ஆயிரத்து இருநூறு டாலர் கூடுதல் என்றார். அதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்டு, தாள் வந்த பிறகு முன்பணம் அனுப்பினேன்.